பத்து நாள் மாத்திரை: மருத்துவமனை முதல்வருக்கு ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அம்மா அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனையின் மாத்திரை கவுன்ட்டர் கண்ணாடியில் போன மாதம் ஒரு தாள் ஒட்டினார்கள். வெளிநோயாளிகளுக்கு இனி 10 நாளைக்கு மட்டுமே மாத்திரை, சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பழையபடி 30 நாள் என்று அதில் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தாள்: வியாழக்கிழமைதோறும் நடந்துவந்த குடல் இரைப்பை ஓபி, பொது மருத்துவத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இரண்டிலும் முத்திரை இருந்தது. காரணம் இல்லை.

என் மகளுக்கு வயது 21. அவளுக்குக் குரோன் நோய், அதாவது குடலில் புண்ணும் வீக்கமும் வந்து வந்து போகும் நாள்பட்ட நோய். அந்த முதல் தாள் வந்த நாளிலிருந்து அவள் மாதத்தில் மூன்று முறை பட்டினி கிடக்கிறாள். மாத்திரைக்கும் பட்டினிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசை இருந்தது. மனுவாக இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது, இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து உங்கள் மருத்துவமனை 42 கிலோமீட்டர். தாலுகா வரை டவுன் பஸ், அங்கிருந்து ரூட் பஸ். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். நல்ல உடம்புக்காரர்களுக்கு அது ஒரு தூக்கம் போடும் தூரம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. நோய் கிளம்பும் நாட்களில் அவள் எட்டு முறை, பத்து முறை வெளிக்குப் போவாள். வருகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. 2023இல் ஒரு நாள், ரூட் பஸ்ஸில் பாதி வழியில் அப்படி ஆனது. கண்டக்டர் நல்ல மனிதர், வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பஸ் முழுக்க ஜன்னல். இதற்கு மேல் எழுதப் போவதில்லை. என் மகள் இதைப் படிப்பாள்.

அன்றைக்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மறுநாள் வெளியே போக வேண்டும் என்றால் முந்தின இரவு சாப்பாடு கிடையாது. காலையில் இரண்டு மடக்குத் தண்ணீர், அதுவும் மாத்திரை விழுங்க. வீடு திரும்பும்வரை ஒன்றும் தொடமாட்டாள். திரும்பி வந்தாலும் வயிறு இறுகிக் கிடக்கும், அரை இட்லிக்கு மேல் இறங்காது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "சாப்பிடலன்னா போக வேண்டாம்ல, அம்மா" என்றாள். அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

30 நாள் மாத்திரை கொடுத்தபோது இது மாதத்துக்கு ஒரு முறை. இப்போது மூன்று முறை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை நாள் பட்டினி. உங்கள் கண்ணாடியில் ஒட்டிய தாள் இதைத்தான் செய்திருக்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முந்தின வாரம் அவள் எடை 41 கிலோ. நேற்றுக் காலை 38.2.

இந்த எடையை நான் எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். 19 வருடமாக என் வேலையே அதுதான். ஊரில் உள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரையும் மாதாமாதம் எடை போட்டு, உயரம் பார்த்து, பதிவேற்ற வேண்டிய இடத்தில் பதிவேற்ற வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் மேற்கையில் நாடாவைச் சுற்றினால் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு; அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் எடை விட்டுப்போனால் சூப்பர்வைசர் அம்மா கேள்வி கேட்பார்கள். கேட்பதும் சரிதான்.

என் மகளின் ஓபி சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து 31 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வலது மூலையில் 'எடை' என்று அச்சடித்த கட்டம் இருக்கிறது. நான்கில் மட்டும் எண் இருக்கிறது. மற்ற 27 கட்டங்களும் வெறுமை. அந்த 27 சீட்டுகளிலும் அசாதையோபிரின் என்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிக் குடல் புண்ணை ஆற்றும் மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத் தர வேண்டிய மருந்து அது. எடையே பார்க்காமல் எடைக்கேற்ற மருந்து எப்படி எழுதினார்கள் என்று, மேற்படிப்புப் படிக்கும் ஒரு பிஜி டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்து, "போன சீட்டைப் பார்த்துத்தான்மா" என்றார். போன சீட்டில் எடை இல்லை என்று நான் சொல்லவில்லை. பாவம், அவருக்கு முன்னால் நூறு பேர் நின்றார்கள்.

2022இல் அவள் இருந்ததிலேயே மோசமாக இருந்த நாளில் எடை 34.5 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் எண், 14.2 வருகிறது. 16க்குக் கீழே போனாலே கடுமையான மெலிவு என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. கர்ப்பிணிகளுக்கு மேற்கைச் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தையல் நாடாவால் என் மகளின் கையை அளந்தேன்: 18. வளர்ந்த பெண்கள் மெலிந்தால் பார்க்க யாருக்கும் நாடா கொடுக்கப்படவில்லை.

என் மையத்தில் சத்துமாவுப் பொட்டலங்கள் அடுக்கி இருக்கும். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வந்ததில்லை. நினைத்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த நோய் எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'மனசு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் எங்களோடு ஆடிய ஆட்டம் அதில்தான் இருக்கிறது.

2020 கடைசியில் வலி தொடங்கியது. அப்போது அவள் பிளஸ் டூ. அடிவயிற்றில் வலப்பக்கம் முறுக்கும், வெளிக்குப் போனால் சற்று விடும், பிறகு மறுபடி பிடிக்கும். முதலில் காட்டிய மருத்துவர் "பரீட்சை பயம்" என்றார். 2021 ஜூனில் கொரோனாவால் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பரீட்சையே ரத்தானது. வலி ரத்தாகவில்லை. அடுத்தவர் "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இந்த வயசுல டென்ஷன் வயித்துலதான் காட்டும்" என்றார். மூன்றாமவர் "கேஸ்" என்றார். பான்டோபிரசோல் எழுதினார். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் என்பதால் ஒன்றரை வருடம் அதையே வாங்கி வாங்கிக் கொடுத்தேன். அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை நீண்ட நாள் தொடர்ந்தால் இரும்பும் பி12 சத்தும் உடம்பில் சேர்வது குறையும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கியது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றைக் கலக்கியது. "சாப்பிடாம அடம் பிடிக்கிறா, கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். எங்கே கூட்டிப் போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால்தானோ என்னவோ, ஒரு பெண்ணுக்கு ரத்தம் 7.8 என்றால் ஏன் என்று யாரும் தேடுவதில்லை.

வயிற்று நோயை மனசின் மேல் போடுவது புதிய பழக்கம் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1950 வாக்கில் சிகாகோவில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற மனப்பகுப்பாய்வாளர் உள்மனப் போராட்டத்தோடு இணைத்துச் சொன்ன ஏழு நோய்களில் இரைப்பைப் புண்ணும் பெருங்குடல் புண்ணும் உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், இரைப்பைப் புண்ணில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வயிற்றைப் பிடித்தால் முதல் பதில் 'டென்ஷன்'தான்.

2022இல்தான் உங்கள் மருத்துவமனையில் கொலோனாஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்கள். முதலில் குடல் காசநோய் என்று மருந்து தொடங்கினார்கள். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. குடல் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு அக்கா தங்கை போல இருக்குமாம். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கமாம். புண் ஆறாததால் மறுபடி பார்த்து, 2023 ஜனவரியில் குரோன் என்று சொன்னார்கள். (1932இல் நியூயார்க்கில் மூன்று மருத்துவர்கள் சேர்ந்து இந்த நோயை விவரித்து எழுதினார்களாம். அகரவரிசையில் முதலில் வந்தவர் குரோன், அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைச் சொன்னபோது என் மகள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.)

பெயர் மாறிய அன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது. காசநோயாளி என்று பதிவு இருந்தவரை அவளுடைய வங்கிக் கணக்கில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வந்தது. நிக்ஷய் போஷன் யோஜனா என்று 2018 முதல் ஒன்றிய அரசு தருவது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கிவிட்டார்கள். 500 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் மாதம் எழுபது, எண்பது முட்டை. அதைவிட, உனக்கு மருந்தோடு சாப்பாடும் வேண்டும் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டதற்கு அது ஒரு சாட்சி. குரோன் என்று எழுதியதும் அது நின்றது. அதே பெண், அதே குடல், அதே 34 கிலோ.

உணவும் மருந்துதான் என்பதற்கு ஆதாரம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் மற்றவர்களோடு சேர்ந்து ஜார்க்கண்டில் ஒரு ஆய்வு நடத்தி, 2023இல் முடிவை வெளியிட்டது. நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்ததில், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. குரோன் நோய்க்கும் இப்படி உண்டு: குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வேறெதுவும் இல்லாமல் சத்துத் திரவம் மட்டுமே கொடுத்து நோயை அடக்குவது பல நாடுகளில் முதல் சிகிச்சையாக இருக்கிறது. நம்மிடம் சாப்பாடு என்பது டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி. 'நன்றாகச் சாப்பிடவும்.'

எப்படி நன்றாகச் சாப்பிடுவது என்று கேட்டேன். உணவு ஆலோசகர் வார்டில் படுத்திருப்பவர்களுக்கு மட்டும்தான், ஓபிக்கு இல்லை என்றார்கள். விடாமல் கேட்டதில் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். பஸ்ஸில் விரித்துப் பார்த்தால், சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறை! பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு, தோலோடு பழம், முழுத் தானியம் என்று நார்ச்சத்தாக அடுக்கியிருந்தது. என் மகளுக்குக் குடலில் ஓரிடம் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தது. நார்ச்சத்து அங்கே அடைத்துக்கொள்ளும். அந்தத் தாளை நம்பி முளைகட்டிய பயறு கொடுத்திருந்தால் அன்றிரவே அவளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருப்பேன்.

தெரிந்தவர்கள் சொல்லாத இடத்தில் தெரியாதவர்கள் சொல்வார்கள். பால் ஆகாது என்றார் ஒருவர். முட்டை சூடு, பருப்பு வாயு, மீன் கரப்பான் என்று ஆளுக்கொன்றைப் பிடுங்கினார்கள். ஒவ்வொன்றாக விட்டுவிட்டு கடைசியில் என் மகள் மூன்று பொருளில் வந்து நின்றாள்: இட்லி, கஞ்சி, வாழைப்பழம். எது சாப்பிட்டால் வலிக்குமோ என்ற பயம், எதையும் சாப்பிடாமல் இருக்கும் பழக்கமாகிவிட்டது. இது அடமா, நோயா, பத்தியமா? மூன்றும் கலந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிக்கத் தெரிந்தவர்கள் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி. அவை என் மகளைக் காப்பாற்றின, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் உடம்பிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அதை யாராவது ஈடுகட்ட வேண்டும். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாவது வாரத்தில் முகம் பூரித்தது. சொந்தக்காரர்கள் "தேறிட்டாளே, கல்யாணக் களை வந்துருச்சு" என்றார்கள். முகம் பூரிக்கப் பூரிக்கத் தொடை வற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியைத் துடைப்பாள். சின்ன விஷயத்துக்குத் தட்டை வீசுவாள், பிறகு அதைப் பொறுக்கிக்கொண்டே அழுவாள். அந்த மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டும், எலும்பை அரிக்கும், கால்சியமும் டி சத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாராவது ஒரு வாக்கியம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், 'எம்மவளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு' என்று நான் கோயில் கோயிலாக அலைந்திருக்க மாட்டேன்.

பி12 சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அவளுக்குப் புண் இருப்பதும் அங்கேதான். கை கால் மரத்துப்போகிறது, படித்தது மறக்கிறது, எதிலும் பிடிப்பு இல்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்து ஏழு மாதம் கழித்து, நானே தனியார் லேபில் காசு கட்டிப் பார்த்தேன். 140 வந்தது. 200க்குக் கீழே குறைவு என்று அந்தச் சீட்டிலேயே போட்டிருந்தது. ஊசி போட்ட ஒரு மாதத்தில் முகத்தில் தெளிவு வந்தது. மனச்சோர்வு என்று நாங்கள் நினைத்ததில் ஒரு பங்கு ஊட்டச்சத்துக் குறைவு. எல்லாமே அதுதான் என்று சொல்லவில்லை. மீதிப் பங்கு அவள் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டது, தோழிகள் போனை எடுக்காமல் இருந்தது, அந்தப் பஸ் ஜன்னல்கள்.

போன வருடம் ஒரு மருத்துவர் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். உங்கள் கவுன்ட்டரில் இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். மெடிக்கலில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது மனநோய் மாத்திரை" என்றார். கடையில் எங்கள் தெருக்காரர் நின்றார். வீட்டில் என் கணவர் அட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டார். "என்னை நம்பல, எல்லாம் நடிப்புன்னு நெனச்சுத்தான் குடுத்திருக்காங்க" என்று என் மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பிஜி பெண் டாக்டர் உட்கார்ந்து விளக்கினார்: புண் ஆறின பிறகும் குடல் நரம்பு வலியை மறக்காது, சின்ன அளவில் இந்த மருந்து அந்த நரம்பை அமைதிப்படுத்தும், உன் வலி நிஜம் என்பதால்தான் கொடுக்கிறோம். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அவள் அதைச் சாப்பிட்டாள். அந்த டாக்டர் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. இரண்டு வருடம், நோய் என்னவென்று தெரியாதபோது, எல்லோரும் மனசு மனசு என்றார்கள். நோய் இன்னதென்று தெரிந்து, மனசு உண்மையாகவே நொறுங்கியபோது, ஒருவரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. குரோன், பெருங்குடல் புண் போன்ற குடல் அழற்சி உள்ள நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்றமும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் வெளிநோயாளர் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 31 சீட்டில் ஒன்றில்கூட அங்கே அனுப்பவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசித்தேன். மாத்திரை இருப்புக் குறைவாக இருக்கலாம். 30 நாளைக்கு வாங்கிப் போய்ப் பாதியை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் 10 நாள் போதும், சரி. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் விலக்குக் கொடுத்தீர்களே, அதன் காரணம் என்ன? வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியவை, விட்டால் ஆபத்து என்பதுதானே? 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் அந்த மாத்திரைகள் எங்கள் தெருவுக்கே வருகின்றன, என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்கிறார். நல்ல திட்டம். அதே திண்ணையிலிருந்து என் மகள் 42 கிலோமீட்டர் வெறும் வயிற்றோடு கிளம்புகிறாள்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வியாழக்கிழமை வரிசையில் பழக்கமான ஓர் அண்ணனைச் சொல்கிறேன். பெருங்குடல் புண், ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூலி வேலை. பத்தாவது நாள் அறுப்பு வேலை இருந்ததால் வரவில்லை, மாத்திரை தீர்ந்தது, அப்படியே விட்டார். நாலாம் நாள் வயலிலேயே மயங்கி விழுந்தார். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கவுன்ட்டரில் தாள் ஒட்டியவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

இனி நான் கேட்பவை.

அந்த நோட்டீஸில் 'சர்க்கரை, ரத்த அழுத்தம்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 'நாள்பட்ட குடல் அழற்சி' என்று சேருங்கள். 30 நாள் மாத்திரை பழையபடி வேண்டும். இது உங்கள் கையெழுத்தில் இன்றைக்கே முடியும். அசாதையோபிரின் ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம், அதனால் அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையையும் மாத்திரையையும் ஒரே வருகையில், ஒரே நாளில் வைத்துக்கொடுங்கள்.

வியாழக்கிழமை ஓபியைத் திருப்பித் தாருங்கள். வாரம் முடியாவிட்டால் மாதம் இரண்டு முறை. பொது ஓபியில் ஒவ்வொரு தடவையும் புதிய மருத்துவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை வெளிக்குப் போகிறாய், ரத்தம் வருகிறதா என்ற கேள்விகளுக்கு, முப்பது பேர் நிற்கும் அறையில் ஒரு பெண் எப்படிப் பதில் சொல்வாள்? என் மகள் "பரவால்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள். சீட்டில் 'நலம்' என்று எழுதுகிறார்கள்.

எடை போடாமல் குடல் நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். ஒரு மெஷின், ஒரு நர்ஸ், அரை நிமிடம். மூன்று மாதத்தில் எடை சரிந்தவர்களையும் பிஎம்ஐ 16க்குக் கீழே இருப்பவர்களையும் அன்றைக்கே உணவு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். அவர் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஓபியில் உட்காரட்டும். குடல் நோய்க்கென்று தமிழில் ஒரே ஒரு தாள் போதும். எங்கள் சந்தையில் கிடைக்கும் பொருட்களை வைத்து, வலி இருக்கும் நாளில் எது, இல்லாத நாளில் எது என்று எழுதித் தாருங்கள். அச்சடிக்கக் காசில்லை என்றால் கையால் எழுதி ஒட்டுங்கள், நாங்கள் படமெடுத்துக்கொள்கிறோம். பி12, இரும்பு, டி சத்துப் பரிசோதனைகளை வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளேயே செய்துகொடுங்கள்.

மனசைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாப்பிடப் பயமாக இருக்கிறதா, வெளியே போகப் பயமாக இருக்கிறதா. இருக்கிறது என்றால் இரண்டாவது மாடிக்கு ஒரு சீட்டு. அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை எழுதுபவர் எதற்கு என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அந்த வேலையை மெடிக்கல் தம்பியிடம் விடக் கூடாது. அந்த மாத்திரை உங்கள் கவுன்ட்டரிலேயே கிடைக்க வேண்டும்.

மாத்திரை கவுன்ட்டர் பக்கத்தில் இருக்கும் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டி எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். ஓபி நேரம் முழுக்க அது திறந்திருக்க வேண்டும். எழுதியவற்றில் இதுதான் சின்னது என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மகளிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்லுவாள்.

காசநோயாளிக்குத் தருவதுபோலக் குடல் அழற்சியால் மெலிந்தவர்களுக்கும் உணவு உதவி தருவது உங்கள் அதிகாரத்தில் இல்லை, தெரியும். ஆனால் இந்த மாவட்டத்தில் உங்கள் ஓபிக்கு எத்தனை பேர் இந்த நோயோடு வருகிறார்கள், அவர்கள் எடை என்ன என்று கணக்கெடுத்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு பரிந்துரை அனுப்ப முடியும். அதற்கும் முதலில் அந்த எடைக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

அவளுக்கு மாத்திரை தீர்வது வருகிற 18ஆம் தேதி. 17 இரவு அவள் சாப்பிட மாட்டாள். அதற்குள் அந்த நோட்டீஸ் திருத்தப்படுமா என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முகவரி இரண்டு மனுக்களிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
உங்கள் வெளிநோயாளி ஒருத்தியின் தாய்